கலர் வந்த வருஷம்

அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன வாரம்தான் அவருடைய தகரப் பெட்டியைத் திறக்க மனசு வந்தது. அடியில், கல்யாணப் பட்டுக்கும் கீழே, அப்பாவின் டிவி லைசென்ஸ் ஒன்று இருந்தது. நான்காக மடித்த தாள், மடிப்பெல்லாம் பழுப்பேறியிருந்தது. 1978-ஆம் ஆண்டுக்கானது. கட்டணம் 24 வெள்ளி (ரிங்கிட்). அப்பாவுக்கு அன்றைக்கு அது மூன்று நாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கூலி. தபால் ஆபீஸில் வரிசையில் நின்று கட்டிவிட்டு வந்து, "யாரும் வந்து கேட்டா தலை நிமிர்ந்து காட்டலாம்" என்று அம்மாவிடம் கொடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பல பேர் லைசென்ஸ் எடுக்கவில்லை. ஆள் வருகிறான் என்று யாராவது குரல் கொடுத்தால் மூங்கில் கம்போடு ஏரியலைச் சாய்த்து வாழைக்குள் ஒளித்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக் கம்பு மட்டும் அப்படியே நிற்கும்.

அந்த 1978-ஐப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மலேசியத் தொலைக்காட்சிக்கு அது பெரிய வருஷம். அந்த ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி, வியாழக்கிழமை, தீபகற்பத்தில் கலர் ஒளிபரப்பு தொடங்கியது. தேதியைச் சும்மா பிடிக்கவில்லை. 1963-ல் அதே டிசம்பர் 28-ல்தான் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கோலாலம்பூரில் ஜாலான் அம்பாங் மண்டபத்தில் தொலைக்காட்சியைத் தொடக்கி வைத்தார். சரியாகப் பதினைந்து வருஷம். நடுவில் 1969-ல் தொலைக்காட்சியின் தலைமை நிலையமான அங்காசாபுரி வந்தது, அந்த வருஷ நவம்பரில் இரண்டாவது சேனலும் வந்தது. சபா, சரவாக்குக்குக் கலர் போய்ச் சேர 1980 ஆனது. சிங்கப்பூர் 1974-லேயே கலருக்கு மாறிவிட்டதால், அதை ஒட்டிய ஜொகூர் பாருவில் இருந்த என் மாமா வீட்டில் நமக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். தீபாவளிக்கு வரும்போதெல்லாம் மாமா அதைச் சொல்லாமல் போகமாட்டார்.

இதெல்லாம் ஒளிபரப்புக் கோபுரத்தின் தேதிகள். எங்கள் லயத்துக்கு வேறு காலண்டர்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலிருந்து ஏழு மைல் உள்ளே எங்கள் தோட்டம். அன்றைக்கு முழுக்கக் கித்தா மரம், அதாவது ரப்பர். துரை பங்களாவுக்கும் ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணி வீடுகளுக்கும் ஸ்டோருக்கும் இஞ்சின் கரண்ட் உண்டு. லயத்துக்குக் கிடையாது. மண்ணெண்ணெய் விளக்குதான். அரசாங்கம் கம்பங்களுக்கு, அதாவது மலாய் கிராமங்களுக்கு, கரண்ட் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் அந்தக் கம்பி எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. பக்கத்துக் கம்பத்தில் விளக்கு எரிவது எங்கள் குழாயடியிலிருந்து தெரியும்.

அப்படியிருந்தும் 1976-ல் அப்பா ஒரு டிவி வாங்கினார். நேஷனல், 14 அங்குலம், கறுப்பு வெள்ளை. 12 வோல்ட் கார் பேட்டரியிலும் ஓடும் வகை. ஏரியலை ஈப்போ கிளேடாங் மலையைப் பார்த்துத் திருப்பிக் கட்டினோம். பேட்டரியை ஒரு மரப்பெட்டியில் வைத்து, ஞாயிறுதோறும் சைக்கிள் கேரியரில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வருவது என் வேலை. ஒரு வெள்ளி கூலி. மண்சாலைக் குழியில் சைக்கிள் குதித்தால் ஆசிட் தெறிக்கும். என் காக்கிக் கால்சட்டையின் பின்பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. அம்மா அவற்றை ஒவ்வொன்றாகத் தைப்பார். தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த வாரம் இன்னொன்று விழும்.

பேட்டரி தீரும்போது டிவி திடீரென்று அணையாது. அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் படத்தின் இரண்டு ஓரத்திலும் கறுப்புக் கரை கட்டும். அப்புறம் மேலும் கீழும். நடுவில் இருக்கும் ஆட்கள் சிறுத்துக்கொண்டே வருவார்கள். தமிழ்ப் படம் போடும் நாளில் பன்னிரண்டு வீட்டுச் சனம் எங்கள் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். படம் முடியக் கால்மணி நேரம் இருக்கும்போது திரை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிடும். யாரும் எழுந்து போகமாட்டார்கள். சனம் முழுதும் பாயோடு முன்னால் நகரும். கடைசியில் சத்தம் மட்டும் வரும். அதையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் போவார்கள்.

அதற்கும் முன்னால், வீட்டில் டிவி இல்லாத 1975-ல், தோட்டத்து மண்டபத்தில் இருந்த பெட்டியில் உலகக் கிண்ண ஹாக்கி பார்த்தோம். கோலாலம்பூரில் நடந்தது. அரையிறுதியில் இந்தியாவும் மலேசியாவும் மோதின. எங்கள் தாத்தா சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவர் இந்தியா பக்கம். அப்பா இங்கே பிறந்தவர். மலேசியா பக்கம். நம் அணியின் கேப்டன் ஸ்ரீ சண்முகநாதன், அடுத்து மகேந்திரன் என்று பேர் சொல்லும்போதெல்லாம் மண்டபமே எழுந்து நிற்கும். கறுப்பு வெள்ளையில் எந்தச் சட்டை யாருடையது என்று பாதி நேரம் தெரியவில்லை. கூடுதல் நேரத்தில் 3-2 என்று இந்தியா ஜெயித்தது, பிறகு பாகிஸ்தானை வீழ்த்திக் கிண்ணத்தையும் எடுத்தது. தாத்தாவும் அப்பாவும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டு டிவியின் பெரிய விளையாட்டு வேறு. தமிழ்ச் செய்தி வாசிக்கும் அம்மாளின் சேலை என்ன கலர் என்று சொல்வது. செய்தி தொடங்கியதும் அம்மா சொல்வார். பக்கத்து வீட்டு அத்தை மறுப்பார்.

"அரக்கு."

"இல்லண்ணி, பச்சை. கரும்பச்சை. பாருங்க, கரை மட்டும் வெளுப்பா தெரியுது."

"அரக்குன்னாதான் இந்த அளவுக்குக் கறுப்பு வரும்."

யாருக்கும் விடை தெரியாது. விடை தெரியாததால் சண்டை மறுநாள் பால் வெட்டும் மர வரிசையான நிரையிலும் தொடரும். இந்தப் பக்கம் மரத்தில் அம்மா, அந்தப் பக்கம் மரத்தில் அத்தை. பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டே, "பச்சைதான்" என்று அத்தை ஒரு குரல் விடுவார். மூன்று மரம் தள்ளி, "அரக்கு" என்று அம்மா குரல் வரும். பள்ளி லீவில் மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கப் போகும்போது இதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

அதனால் கலர் வருகிறது என்று ரேடியோவில் சொன்னபோது லயத்திலேயே அதிகம் சந்தோஷப்பட்டது இந்த இரண்டு பேர்தான். எனக்கு வயது பன்னிரண்டு. 28-ஆம் தேதி வந்தால் எல்லா டிவியும் கலராகிவிடும் என்று நான் நம்பினேன். நான் மட்டும் இல்லை, வளர்ந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அங்கேயிருந்து கலராக அனுப்பினால் இங்கே கலராகத்தானே வரவேண்டும்? யோசித்துப் பார்த்தால் அதில் என்ன பிழை? அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் புதன்கிழமையே பேட்டரியை டவுனுக்குக் கொண்டுபோய் நிறைத்துக்கொண்டு வந்தேன். டிசம்பர் மழை. பேட்டரிக்கு மட்டும் பிளாஸ்டிக் போர்த்தினேன்.

வியாழன் ராத்திரி வாசல் நிறைந்திருந்தது. அப்பா பட்டனை அழுத்தினார். டியூப் சூடாகிப் படம் வந்தது. அதே சாம்பல்.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கலர் வரலையாடா?" என்று அத்தை என்னைத்தான் கேட்டார், பேட்டரி எடுத்துப் போனவன் நான் என்பதால். அப்பா பின்னால் போய் ஏரியலைத் திருப்பினார். நான் பேட்டரி வாயைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். அப்புறம் கிராணி வீட்டுப் பையன் வந்து, கலருக்கு வேறு டிவி வாங்கவேண்டும் என்று சொன்னான். அப்பா தலையாட்டினார். ராத்திரி முழுக்க மழை பெய்தது, மறுநாள் வேலையில்லை.

அடுத்த சம்பளத்தில் அப்பா பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒரு பிளாஸ்டிக் தாள் வாங்கி வந்தார். மேலே நீலம், நடுவே இளஞ்சிவப்பு, கீழே பச்சை. திரையின் மேல் ஒட்டினால் கலர் டிவி. வானமும் புல்லும் வரும் காட்சியில் அது உண்மையாகவே நன்றாக இருக்கும். செய்தி வாசிக்கும் அம்மாளுக்குத் தலைமுடி நீலமாகவும் சேலை எப்போதும் பச்சையாகவும் இருந்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்றார் அத்தை. அன்றைக்கே அம்மா அந்தத் தாளைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

அந்த டிசம்பருக்குப் பிறகு நான் ஒன்றைக் கவனித்தேன். திரைக்கு மிக அருகில் கண்ணை வைத்தால், சேலையின் மேல் மட்டும் பொடிப் பொடியாகப் புள்ளிகள் நெளிந்தன. சர்க்கரையை மொய்க்கும் சிற்றெறும்பு மாதிரி. சுவரில் இல்லை, காகிதத்தில் இல்லை, சேலையில் இருந்தது. முன்பு இப்படிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. டிவி கெட்டுப்போகிறது என்று பயந்து அப்பாவிடம் சொல்லவில்லை. பேட்டரியைக் குலுக்கிக் கொண்டுவந்ததால் வந்த வினை என்று நினைத்தேன்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம் எழுதிவிட்டு 1984-ல் டவுனில் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், டிவி ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கு என் பிழைப்பு, என் வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அவர் போட்ட பிச்சை. சேர்ந்த சில மாதத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி ரிப்பேருக்கு வந்தது. ஓடவிட்டுப் பார்த்தபோது அதே எறும்புகள். இதை எப்படிச் சரி செய்வது என்று கேட்டேன். தவுக்கே மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துத் திரைமேல் வைத்தார்.

"தெங்கோக் சினி," என்றார். இங்கே பார் என்று. "இனி சமுவா வர்ணா."

இதெல்லாம் கலர்.

அவர் மலாயும் தமிழும் கலந்து சொன்னதை நான் பிறகு புத்தகங்களில் படித்து முழுசாகப் புரிந்துகொண்டேன். கலர் ஒளிபரப்புக்கு நம் நாடு எடுத்துக்கொண்டது பால் (PAL) முறை. ஜெர்மனியில் டெலிஃபுங்கன் கம்பெனியின் வால்டர் புரூக் உருவாக்கியது, அங்கே 1967-ல் ஒளிபரப்பில் வந்தது. இந்த முறைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. புதிதாகக் கலர் அனுப்பினாலும் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வீணாகிவிடக்கூடாது. அதனால் வெளிச்சம் எங்கே எவ்வளவு என்ற சேதி முன்பு போலவே 625 கோடுகளில் வரும். நிறத்தின் சேதியை 4.43 மெகாஹெர்ட்ஸில் ஒரு துணை அலையில் ஏற்றி, அந்த வெளிச்சத்துக்குள்ளேயே ஒளித்து அனுப்புவார்கள். கலர் டிவி அதைப் பிரித்தெடுத்துச் சிவப்பு, பச்சை, நீலம் என்று படக்குழாயின் மூன்று எலெக்ட்ரான் துப்பாக்கிக்கும் கொடுக்கும். கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு ஒரே துப்பாக்கி. நிறத்தைப் பிரிக்க அதற்குத் தெரியாது. அது அதையும் வெளிச்சம் என்று நினைத்து நுணுக்கமான புள்ளிகளாகத் திரையில் போட்டுவிடும். நிறம் ஆழமாக இருக்கும் இடத்தில் புள்ளி அழுத்தமாக இருக்கும். வெள்ளைச் சுவரில் புள்ளி இருக்காது.

நான் அந்தப் பூதக்கண்ணாடியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அப்படியானால் அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு கலர் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மூங்கில் கம்பில் இறங்கி, வயர் வழியாக வந்து, அம்மாவும் அத்தையும் சண்டை போட்ட அந்தச் சேலையின் மேலேயே நெளிந்துகொண்டு இருந்திருக்கிறது. நான் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, டிவி கெட்டுவிட்டது என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இதே புள்ளிகளை வைத்து 2008-ல் இங்கிலாந்தில் ஒரு வேலை செய்தார்கள். கலரில் எடுத்து, கலர் நாடா அழிந்துபோய், கறுப்பு வெள்ளைப் பிலிமில் மட்டும் மிஞ்சிய பிபிசியின் பழைய நிகழ்ச்சி ஒன்றில் இந்தப் புள்ளிகள் பதிந்திருந்தன. கம்ப்யூட்டர் மூலம் அவற்றைப் படித்து அசல் நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தச் சேலை என்ன கலர்னு இப்பக் கண்டுபிடிக்கலாமா?" என்றார். பதிவு செய்து வைத்திருந்தால் முடியும் என்றேன். எங்கள் வாசலில் ஓடியதை யார் பதிவு செய்தார்கள்?

கலர் டிவியை அப்பா ஏன் வாங்கவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். காசு ஒரு பக்கம். பேட்டரி மறு பக்கம். எங்கள் நேஷனல் இருபது வாட் பக்கம் இழுக்கும். 40 ஆம்பியர் பேட்டரியில் ராத்திரிக்கு மூன்று மணி நேரம் என்று ஒரு வாரம் ஓட்டலாம். அன்றைய 20 அங்குலக் கலர் டிவிக்கு எண்பது, நூறு வாட் வேண்டும். அதே பேட்டரி ஒரு ராத்திரி, மிஞ்சினால் ஒன்றரை ராத்திரி தாங்கும். தினமும் ஏழு மைல் பேட்டரி சுமந்து யார் கலர் பார்க்க முடியும்? கரண்ட் இல்லாத வீட்டுக்குக் கலர் இல்லை, அவ்வளவுதான் கணக்கு. நாட்டில் கலர் வந்தது 1978 என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும், அது சரியான தேதி. தோட்டத்துச் சனத்துக்கும் சேர்த்து எழுதுகிறவர்கள் கரண்ட் வந்த தேதியையும் கேட்டு எழுதவேண்டும். இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. இந்த நாட்டு ஏற்றுமதியைப் பல்லாண்டு தோளில் தூக்கிய சனம் இருட்டில் உட்கார்ந்திருந்தது.

அம்மா முதன்முதலில் கலர் டிவியைப் பார்த்தது 1980-ல், டவுனில் ஒரு மின்சாமான் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று. சம்பள வாரம், கையில் மீன் பை. உள்ளே தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் கேட்கவில்லை. வாசிக்கும் அம்மாள் மாம்பழ மஞ்சளில் நீலக் கரை போட்ட சேலை கட்டியிருந்தார். அம்மா பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "நம்ம டிவில இது எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டார். வெளுப்பாகத் தெரிந்திருக்கும் என்றேன். "நான் சந்தனக் கலர்னு சொல்லியிருப்பேன். அத்தை ரோஸ்னு சொல்லியிருப்பா" என்று சொல்லிவிட்டு ஏழு மைலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

1990-ல் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வந்து, குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் முதலாளி கொடுத்தாக வேண்டும் என்று ஆனது. எங்கள் லயத்தில் 1992-ல் பல்பு எரிந்தது. மாதத் தவணையில் நான் ஒரு கலர் டிவி வாங்கிப் போட்டேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அத்தையும் ஒரு டிவி வாங்கிவிட்டதால் அவரவர் வீட்டில் அவரவர் செய்தி. நாலைந்து வருஷத்தில் கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள், எல்லோரும் ஆளுக்கொரு தாமானுக்கு, டவுன் பக்கத்து வீடமைப்புப் பகுதிக்கு, போய்விட்டோம். அத்தை கிள்ளானில் மகன் வீட்டுக்குப் போய், அங்கேயே காலமானார்.

நேஷனல் பெட்டியை நான் விடவில்லை. கடையின் பின்னறையில் வைத்து வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். 2019-ல் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். ஜூலை 21-ல் லங்காவியில் தொடங்கி, கட்டம் கட்டமாக, அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுக்க டிஜிட்டல். எங்கள் பகுதியில் நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்த வாரம் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் அறையில் வைத்தேன். கரண்டில் போடவில்லை. என் காரிலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டினேன். அம்மாவுக்குக் கண் மங்கியிருந்தது, நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தமிழ்ச் செய்தி வந்தது. வாசித்த பெண்ணுக்கு வயது முப்பதுகூட இருக்காது. சேலை நன்றாகக் கறுத்துத் தெரிந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் இருந்தன, நெருக்கமாக, அழுத்தமாக நெளிந்தன.

"கெட்டிக் கலர்தாம்மா," என்றேன். "என்ன கலர்னு இதுல சொல்ல முடியாது."

"நான் சொல்றேன்," என்றார் அம்மா. "அரக்கு."

அப்புறம் பக்கத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஹாலில் மருமகள் அதே செய்தியைப் பெரிய டிவியில் வைத்திருந்தாள். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.